எட்டாவது புள்ளி

எட்டு பஞ்சுக்குச்சி, காது குடையறது, டீ சாசர்ல வரிசையா படுத்திருக்கு, ஜெனரல் வார்டு மாதிரி. ஏழுல இருக்கறது ஈ எச்சம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, தொட்ட உடனே காபி கலர்ல கரைஞ்சு வந்துச்சு. எட்டாவதுல இருக்கறது ஈயோடதா இல்ல பொன்னுரங்கத்தோடதா, அதான் தெரியல. பொன்னுரங்கம்னா ஹால் சுவத்துல மாட்டியிருக்கற இந்தப் படத்த வரைஞ்சவரு, செத்துப் போயி பதினாறு வருஷம் ஆச்சு, போன் போட்டு சார் அந்த ஆட்டுத் தலையில இருந்த கருப்புப் புள்ளி நீங்க வச்சதா இல்ல ஈ வச்சதான்னு கேக்க முடியாது. ஈயையும் கேக்க முடியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் வச்சத நான் எடுத்துட்டேன். எச்சில் தொட்டு, மெதுவா, உருட்டி உருட்டி, காலேஜ்ல சொல்லிக் குடுத்த மாதிரியே. மூணு வருஷத்துல அந்த ஓவியக் காலேஜ்ல நான் உருப்படியா கத்துக்கிட்ட ஒரே விஷயம் அது. பழைய படத்த சுத்தம் பண்ண மனுஷன் எச்சில விட நல்ல மருந்து இல்லைன்னு ஒரு மிஸ் சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம், அப்ப நான் சுவத்துல துப்பினா அது சேவைதானே மிஸ்னு கேட்டேன், வெளிய நிக்க வச்சாங்க. வெளிய நின்னதால அடுத்து அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியல. எந்தப் புள்ளிய தொடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. நிச்சயமா சொல்லியிருப்பாங்க. எனக்கு முக்கியமான வாக்கியம் எல்லாத்தையும் ஊர்ல உள்ளவங்க நான் வெளிய நிக்கறப்பதான் சொல்றாங்க. இதுல கொடுமை, இப்ப எட்டாவது குச்சி எதுன்னே தெரியல. வரிசையாதான் வச்சேன். நடுவுல ஒரு தடவை பதட்டத்துல சாசர தூக்கி வெளிச்சத்துல பாத்தேன், எல்லாம் உருண்டுருச்சு. இந்தக் கடைசி இதுவா, அந்தக் கடைசி அதுவா. ஒண்ணு மட்டும் கொஞ்சம் கருப்பா இருக்கற மாதிரி இருக்கு. உத்துப் பாத்தா எல்லாமே கொஞ்சம் கருப்பா இருக்கு. உத்துப் பாக்கறதுல ஒரு லிமிட் இருக்கு போல, அதுக்கு மேல போனா எல்லாமே குற்றவாளியா தெரியுது.

மணி பத்தே முக்கால். அத்தை பன்னெண்டுக்குள்ள வந்துருவாங்க. அப்பாவோட அக்கா, மனோன்மணி அத்தை, இந்த வீடு அவங்களோடது, படம் அவங்களோடது, நானும் பதினாலு மாசமா அவங்களோடவன்தான். நேத்து வலது கண்ணுல புரை எடுத்தாங்க, ராத்திரி ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கிட்டு இன்னைக்கு கட்டு பிரிக்கறாங்க, மேல் வீட்டு ஜெய்பு ஆன்ட்டி கூட இருக்காங்க. இடது கண்ணு அடுத்த மாசம். நான் வரேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க. சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது, குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நீ வந்தா முதல் ரெண்டும் நடக்கும், மூணாவது உன்ன அடிக்க செருப்ப எடுக்கறப்போ நடக்கும்னாங்க. காலையில தனியா உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கறப்போதான் எனக்கு தோணுச்சு, அத்தை எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் படங்கள தெளிவா பாக்கப் போறாங்க, வந்ததும் செருப்பக் கூட கழட்டாம இந்தப் படத்து முன்னாடிதான் நிப்பாங்க, அப்ப அது பளிச்சுனு இருக்கட்டுமேன்னு. அவ்ளோதான். நல்ல எண்ணம். நான் நல்ல எண்ணத்தோட செஞ்ச காரியம் மொத்தமே நாலோ அஞ்சோ, எல்லாத்துலயும் போலீஸ் வரலைங்கறது ஒண்ணுதான் குறை. ஈ எச்சம் ஓரத்துல மூணு, நடுவுல வெள்ளையா இருக்கற இடத்துல நாலு, எடுத்தாச்சு. எட்டாவது வந்துச்சு. அது வரைக்கும் கை சொன்னதக் கேட்டுட்டு இருந்த மண்டை அங்க ஒரு செகண்ட் நின்னுச்சு. நின்னுச்சா? நின்னுச்சுன்னுதான் நினைக்கறேன். நிக்காம போயிருந்தா அது தெரியாம செஞ்ச தப்பு, நின்னுட்டு போயிருந்தா அது வேற. இப்ப யோசிச்சா நின்ன மாதிரியும் இருக்கு, நின்னிருக்கணும்னு இப்ப ஆசைப்படறதால நின்ன மாதிரி தெரியுதோன்னும் இருக்கு.

பதினொண்ணு. ஹால் திரைய திறக்கணும். இந்த வீட்டுல வெயிலுக்கு டைம்டேபிள் இருக்கு. ஹால் ஜன்னலுக்கு எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் திரை மூடியிருக்கணும், படுக்கற ரூமுக்கு மூணுல இருந்து அஞ்சரை. சூரியன் இந்த வீட்டுக்குள்ள அப்பாயின்ட்மென்ட் இல்லாம வர முடியாது. அதப் பாத்துக்கறது என் வேலை. ரெண்டு பெட்ரூம் பிளாட்டுல இருபத்திமூணு படம், பாத்ரூம் வாசல்ல கூட ஒண்ணு, துண்டோட போறப்போ ஒரு கிழவர் முறைச்சுப் பாப்பாரு. சாம்பிராணி கிடையாது, ஊதுவத்தி கிடையாது, சாமி இந்த வீட்டுல மூச்சு நல்லா விடுது. குழம்பு கிச்சன்ல கொதிக்கும், ஆனா தாளிக்கறது பால்கனியில, அதுக்குன்னு ஒரு குட்டி அடுப்பு, எண்ணெப் புகை படத்து மேல படியக் கூடாதாம், மழையில ஒரு கையில குடையும் ஒரு கையில கடுகுமா நான் நின்னிருக்கேன், எதிர் வீட்டுக்காரர் அத போட்டோ எடுத்திருக்காரு. ஒவ்வொரு பிரேமுக்கும் பின்னாடி நாலு மூலையிலயும் பழைய ஹவாய் செருப்ப வெட்டின துண்டு ஒட்டியிருக்கும், சுவத்துக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகணும், இல்லைன்னா மழைக்காலத்துல பூஞ்சை. இருபத்திமூணு பெருக்கல் நாலு. அத்தை தன் சர்வீஸ் முழுக்க போட்ட செருப்பு எல்லாம் இப்ப படங்கள சுமந்துட்டு இருக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவங்க, கல்யாணம் பண்ணிக்கல, கூட வேலை பாத்தவங்க எல்லாம் வளையல் வாங்கின வயசுல இவங்க பஸ் ஏறிப் போயி ஓவியருங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து படம் வாங்கிட்டு வந்திருக்காங்க. சொந்தக்காரங்க குழந்தையோட வந்தா அத்தை அத மடியில வச்சு ரெண்டு கையையும் பிடிச்சுப்பாங்க. பாசம்னு நினைப்பாங்க. காவல். தூசி தட்ட துணி கூடாது, ஷேவிங் பிரஷ், மேல இருந்து கீழ, அழுத்தாம. பதினாலு மாசமா தினம் காலையில இந்தப் படத்துக்கு நான் ஷேவிங் பண்ணி விட்டிருக்கேன். அந்தப் புள்ளி மேலயும் பிரஷ் போயிருக்கும். நானூறு தடவை. இருந்துச்சான்னு கேட்டா தெரியல. தினம் பாக்கற மூஞ்சியில மச்சம் எந்தப் பக்கம்னு கேட்டா முழிப்பமே, அப்படி.

திரைய திறந்துட்டேன், திறந்திருக்கக் கூடாது. வெளிச்சத்துல எட்டு இடத்துலயும் எட்டு வெளிறின வட்டம் தெரியுது. நான் சுத்தம் பண்ணின இடம் மட்டும் பளிச்சுனு, மத்த இடம் எல்லாம் முப்பது வருஷ அழுக்கோட. பாத்ரூம் டைல்ஸ்ல பாதி தேச்சுட்டு விட்ட மாதிரி. அந்த ஆட்டுத் தலையில இருக்கற வட்டம் மத்ததவிட வெளிறியிருக்கா? கீழ இருந்த கலரும் சேந்து வந்துருச்சா? கிட்டப் போனா இல்ல, தள்ளி வந்தா ஆமா. ஆடுன்னு நான் சொல்றேன், ஆடுதானான்னு யாருக்கும் தெரியாது. மூணடிக்கு நாலடி படம். பூரா ஒரு மஞ்சளும் காவியும் கலந்த தரை, நடுவுல வெள்ளையா ஒரு சதுரம், சுவரோ வேட்டியோ, குறுக்க ஒரு கோடு, கயிறுன்னு வச்சுக்கலாம், கயித்துக்குக் கீழ வலது பக்கம் ஒரு கருஞ்சிவப்பு உருவம் குனிஞ்சிருக்கு. எனக்கு அது ஆடு. ஜெய்பு ஆன்ட்டிக்கு அது துணி துவைக்கற பொம்பள. எங்க அப்பாவுக்கு அது ஒரு பெயிண்ட் டப்பா கவுந்தது. அத்தைகிட்ட கேட்டா அது குனிஞ்சிருக்குடா, அவ்ளோதான்னு சொல்வாங்க. படத்துக்குப் பின்னாடி பென்சில்ல தலைப்பில்லாதது ஏழுன்னு எழுதியிருக்கு, மனுஷனுக்கு பேரு வைக்கவும் சோம்பேறித்தனம். அந்த உருவத்தோட தலை மாதிரி இருக்கற இடத்துல கடுகு சைஸ்ல ஒரு புள்ளி. ஆடுன்னு வச்சுக்கிட்டா கண்ணு. பொம்பளன்னு வச்சுக்கிட்டா மூக்குத்தி. ரெண்டும் இல்லைன்னா ஈ. அத்தைக்கு கண்ணு வர அதே நாள் பாத்து நான் ஆட்டுக்கு கண்ண எடுத்துட்டேன். இத யாருக்காவது சொன்னா சிரிப்பாங்க. எனக்கே சிரிப்பு வருது. போன வருஷம் மழை நாள்ல, கரண்ட் இல்ல, அத்தை இந்தப் படத்துக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு, பொன்னுரங்கம் ஒரு தடவை இங்க சாப்பிட வந்தாருடா, சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து இந்தப் படத்து முன்னாடி நின்னாரு, நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, அப்பறம்னு ஆரம்பிச்சாங்க. நான் நடுவுல புகுந்து, அப்பறம் மோர் கேட்டாரான்னு கேட்டேன். அத்தை சிரிச்சாங்க. சிரிச்சுட்டு எழுந்து போயி மெழுகுவத்தி தேடினாங்க. கதை அங்கயே நின்னுருச்சு. நின்னு பாத்துட்டு அப்பறம் என்ன பண்ணினாரு? அழுதாரா? பிரஷ் கேட்டாரா? பிரஷ் இல்லைன்னா அத்தையோட கண்மையத் தொட்டு ஒரு புள்ளி வச்சாரா? அப்படி வச்சிருந்தா அது எச்சில்ல வந்துரும். பெயிண்டுன்னா வந்திருக்காது, எண்ணெ பெயிண்ட் முப்பது வருஷத்துல கல்லு மாதிரி ஆயிடும், பஞ்சுக்கெல்லாம் மசியாது. அப்ப ஈதான். சரி, ஈதான். ஆனா கண்மையா இருந்தா? ஒரு மோர் ஜோக்குக்காக எனக்கு தெரியாம போச்சு. அந்த ஜோக்கும் நல்லா இல்ல.

போட்டோ. போட்டோ இருக்குமே. இது ஏன் ஒரு மணி நேரமா தோணல. போன எடுத்து தேடினேன், இந்தப் படத்து முன்னாடி நான் எடுத்துக்கிட்ட செல்பி அஞ்சு இருக்கு. அஞ்சுலயும் சரியா அந்த இடத்துல என் மண்டை. ஒண்ணுல ரெண்டு விரல வேற தூக்கிட்டு இருக்கேன், எனக்கே கொம்பு வச்ச மாதிரி. இவ்ளோ பெரிய படத்துல நிக்க வேற இடம் இல்லையா எனக்கு. நாக்க நீட்டிட்டு நிக்கற அந்த மூஞ்சிக்குப் பின்னாடி பதில் இருக்கு, தள்ளு தம்பின்னு சொல்லணும் போல இருக்கு, போன சாய்ச்சு சாய்ச்சு பாக்கறேன், போட்டோவுக்குள்ள எட்டிப் பாக்க முடியற மாதிரி. அத்தையோட பீரோவுல பழைய கண்காட்சி கையேடு ஒண்ணு இருந்துச்சு, பக்கம் ஒன்பதுல இதே படம், கருப்பு வெள்ளையில, தபால் தலை சைஸ்ல. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். அந்தக் காலத்து பிரிண்டிங், படம் முழுக்க புள்ளி. ஆடு புள்ளி, கயிறு புள்ளி, தரை புள்ளி. எந்தப் புள்ளின்னு கேட்டா எல்லாப் புள்ளியும் நான்தாங்குது. பூதக்கண்ணாடிய வச்சுட்டு திரும்பினா டைனிங் டேபிள்ல அத்தையோட சொட்டு மருந்து சீட்டு, என்னென்னைக்கு எத்தனை சொட்டுன்னு கட்டம் கட்டமா, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு புள்ளி. இன்னைக்கு பூரா இதான் போல.

அப்பா வர்ற ஞாயித்துக்கிழமை வராரு. வாணியம்பாடியில மோட்டர் பம்பு கடை, வாரிசு நான். இஞ்சினியரிங்ல ஒண்ணரை வருஷம், ஓவியத்துல மூணு வருஷம், ரெண்டு காலேஜ்லயும் பாதி பாதின்னா கூட்டினா ஒரு முழு டிகிரி வருதேன்னு நான் சொன்னப்போ அப்பா கையில பைப்பு ரெஞ்சு இருந்துச்சு, அத்தை நடுவுல வரலைன்னா இன்னைக்கு எனக்கு மண்டையே பாதிதான். அவன் என்கிட்ட இருக்கட்டும், இந்தப் படங்களப் பாத்துக்கறான்னு அத்தை சொன்னாங்க. படத்தப் பாத்துக்கறது ஒரு வேலையாக்கான்னு அப்பா கேட்டாரு. நீ பம்ப பாத்துக்கறல்ல, அத விட கஷ்டம், பம்பு கெட்டா சத்தம் வரும், படம் கெட்டா சத்தமே வராதுன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதினாலு மாசம் இங்க இருக்கேன். ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட பேசி இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா பயம் கடை இல்ல. கடைன்னா போயி உக்காருவேன், வால்வு, வாஷர், அதுலயும் ஜோக் இருக்கும். பயம் அத்தை மூஞ்சி. முப்பத்தோரு வருஷமா அவங்க தினம் காலையில காபியோட இந்தப் படத்துக்கு எதிர்ல அரை மணி உக்காருவாங்க. பேசக் கூடாது. நான் கூட பேச மாட்டேன், அதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம். மத்த இருபத்திரண்டும் போனா கூட அழுதுட்டு விட்டுருவாங்க, இது போனா அழ மாட்டாங்க, அதான். இந்தப் புள்ளி யாரோடதுன்னு உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான். வந்து நின்னு ஒரு பார்வை பாத்தா தீர்ப்பு. அப்ப பாத்து அவங்களுக்கு புதுக் கண்ணு வேற.

வச்சுட்டா என்ன? புள்ளிதானே. நானும் பாதி ஓவியன்தானே, ஒரு புள்ளிக்கு பாதி போதும். கட்டிலுக்கு அடியில என் காலேஜ் பை, ஒரு வருஷமா திறக்கல, ஜிப்பு ஒரு மாதிரி முனகிட்டு திறந்துச்சு. கருப்பு பெயிண்ட் ட்யூப் கல்லா இறுகியிருந்துச்சு. பின்னாடி கத்தியால வெட்டினா உள்ள ஒரு பட்டாணி அளவுக்கு ஈரம். ஆறு முடி பிரஷ், அதுல நாலுதான் மிச்சம். நாலு முடி போதும். முன்னாடி போயி நின்னேன். மணி பதினொண்ணு இருபத்தஞ்சு. கை நடுங்கல, ஆச்சரியமா இருந்துச்சு, காலேஜ்ல நடுங்கும், எல்லாரும் பாக்கறப்போ ஏதாவது கோணங்கித்தனம் பண்ணி தப்பிச்சுருவேன், இங்க யாரும் இல்ல, ஆடு கூட பாக்கல. பிரஷ் முனைக்கும் துணிக்கும் நடுவுல ஒரு அரிசி அளவுதான். அப்பதான் தோணுச்சு, எங்க? அந்த வட்டத்துக்கு நடுவுலயா, கொஞ்சம் மேலயா? உருண்டையா இருந்துச்சா, ஒரு பக்கம் இழுத்துட்டு இருந்துச்சா? நான் உருட்டின வட்டம் ஒரு பட்டன் சைஸ், புள்ளி கடுகு, பட்டன்ல கடுக எங்க வைக்கறது. ஈ வச்சதா இருந்தா எங்க வச்சாலும் ஒண்ணுதான், ஆனா ஈ வச்சதா இருந்தா வைக்கவே வேணாமே. பொன்னுரங்கம் வச்சதா இருந்தா வைக்கணும், ஆனா அவர் வச்ச இடத்துல வைக்கணும், அது எனக்குத் தெரியாது. ஈன்னா வைக்க வேண்டியதில்ல, அவருன்னா இடம் தெரியாம வைக்கக் கூடாது. அப்பறம் இன்னொண்ணு, நான் வச்சேன்னு வை, அத்தை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, இன்னும் இருபது வருஷம் தினம் காலையில காபியோட என் புள்ளியப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அது ஈயும் இல்ல, பொன்னுரங்கமும் இல்ல, கோவேந்தன், அதாவது நான். ஒரு வேளை நான் துடைச்சது கூட எனக்கு முன்னாடி இப்படி ஒரு கோவேந்தன் வச்சதா இருந்தா? இதுக்கு முன்னாடி இங்க தங்கின ஒருத்தன் எவனோ, அவனும் நல்ல எண்ணத்துல எதையோ துடைச்சுட்டு, பயந்துட்டு, வச்சுட்டுப் போனவன். இருபத்திமூணு படத்துலயும் எத்தனை புள்ளி யார் யாரோ வச்சதோ. பிரஷ்ல இருந்த கருப்பு காஞ்சே போச்சு, நான் அரை மணி நேரமா அரிசி அளவு தள்ளி நின்னுட்டு இருந்திருக்கேன்.

போன் அடிச்சுது. ஜெய்பு ஆன்ட்டி. கிளம்பிட்டோம், பத்து நிமிஷத்துல வந்துருவோம், சாதம் வச்சியா, ரசத்துல மிளகு கம்மியா போடுன்னு சொல்லிட்டு, சத்தத்த இறக்கி, உங்க அத்தை கட்டு பிரிச்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசலப்பா, ஆட்டோவுல தெருவையே பாத்துட்டு வரா, கேட்டா தலைய மட்டும் ஆட்டறா, டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாருன்னாங்க. அப்ப ஆபரேஷன் சரியில்லையா? கண்ணு தெரியலையா? ஒரு நிமிஷம் மனசு எங்க போச்சு தெரியுமா, தெரியலைன்னா புள்ளியும் தெரியாதேன்னு போச்சு. ஒரு நிமிஷம் கூட இல்ல, ஒரு செகண்ட். ஆனா போச்சு. அதப் பிடிச்சு ஒரு அறை விட்டேன், நிஜமாவே, கன்னத்துல. என்ன வளத்தவங்க மாதிரி ஒருத்தங்களுக்கு கண்ணு போகட்டும்னு நினைச்சவன் நான், இதுக்கு ஏதாவது பஞ்சு இருக்கா. பிரஷ்ஷ கழுவினேன், ட்யூப்ப பையில போட்டேன், சாசர மறைக்கலாம்னு எடுத்தேன், எங்க மறைக்கறதுன்னு தெரியாம திரும்ப டீபாய் மேலயே வச்சேன். லிப்ட் கதவு சத்தம்.

அத்தை பெரிய கருப்புக் கண்ணாடியோட உள்ள வந்தாங்க. வழக்கமா செருப்பு ஸ்டாண்டத் தொட்டு, சோபா முதுகத் தொட்டு வருவாங்க, இன்னைக்கு எதையும் தொடாம நேரா வந்தாங்க. அப்பவே தெரிஞ்சுது, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு. ஜெய்பு ஆன்ட்டி மருந்துப் பைய என் கையில குடுத்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சொட்டு, தலைக்குத் தண்ணி கூடாது, கண்ணாடி கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு மேல போயிட்டாங்க. அவங்க போனதும் அத்தை கண்ணாடியக் கழட்டினாங்க. படத்து முன்னாடி நின்னாங்க. நான் பின்னாடி நின்னேன், அவங்க ரவிக்கை முதுகுல ஒரு ஊக்கு மாட்டியிருந்தத மட்டும் பாத்துட்டு. வலது கண்ண உள்ளங்கையால மூடினாங்க. எடுத்தாங்க. இடது கண்ண மூடினாங்க. எடுத்தாங்க. திரும்பவும். அப்பறம் உள்ள போனாங்க, ரூம் ரூமா, பாத்ரூம் வாசல் வரைக்கும். திரும்ப வந்து அதே இடத்துல நின்னாங்க.

"கோவி, இத என்னடா பண்ணின?"

அத்தை நான் சும்மா பளிச்சுனு இருக்கட்டும்னுன்னு ஆரம்பிச்சேன், அவங்க கேக்கவே இல்ல. கை அந்த வெள்ளை சதுரத்தக் காட்டுச்சு, ஆட்டப் பக்கமே போகல. நீலமா இருக்கேடான்னாங்க. வெள்ளைக்குள்ள பூரா நீலம் ஓடுதே, இது எப்ப வந்துச்சு, என் படத்துல நீலமே கிடையாதே. எனக்கு ஒரு நிமிஷம் விளங்கல. அந்த வெள்ளையில நீலம் எப்பவுமே இருக்கு. வந்த முதல் நாள்ல இருந்து நான் பாக்கறேன், சொட்டு நீலம் போட்ட வேட்டின்னு நானே ஒரு தடவை கிண்டல் பண்ணியிருக்கேன், அன்னைக்கு அத்தை ஏன் சிரிக்கலைங்கறது இப்பதான் புரியுது.

"அத்தை, அங்க எப்பவுமே நீலம்தான்."

"எப்பவுமேவா?"

உக்காந்துட்டாங்க. காபி குடிக்கற அதே சேர். கை ரெண்டும் மடியில, மல்லாந்து. மெதுவா சொன்னாங்க, மூடி மூடிப் பாத்தேன்டா, பழைய கண்ணுல என் படம் இருக்கு, தேன் கலர்ல, வெயில்ல காயற மாதிரி. புதுக் கண்ணுல வேற எவளோ வீட்டுப் படம் மாதிரி இருக்கு. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு ஆட்டோவுல இருந்து யோசிக்கறேன், வீட்டுக்கு வந்தா தெரிஞ்சுரும்னு நினைச்சேன், தெரியல. புரை என்னைக்கு வந்துச்சு, எத்தனை வருஷமா நான் பாத்தது படத்த, எத்தனை வருஷமா பாத்தது வெறும் புரையைன்னு தெரியல. ரெண்டு கண்ணும் ரெண்டு சொல்லுது, ரெண்டும் பொய் சொல்ற மாதிரி இருக்கு. எனக்கு வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்துச்சு, ஒரே படத்துக்கு ரெண்டு படம் கிடைச்சுதே அத்தைன்னு. பல்லுக்குப் பின்னாடி நிறுத்தினேன். நிறுத்த முடியும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவங்க என்னத் திரும்பிப் பாத்தாங்க. அந்தக் கண்ணு சிவந்து, ஈரமா, புதுசா இருந்துச்சு, என்னையும் இப்பதான் முதல் தடவை பாக்கற மாதிரி.

"நீ நல்ல கண்ணோட தினம் பாத்தவன். நீ சொல்லு. இந்த இடது ஓரத்துல இருந்து, என்ன இருக்கு, என்ன கலரு. கேலி பண்ணாம சொல்லு."

நான் சொன்னேன். இடது ஓரத்துல மஞ்சள் அத்தை, ஆனா மாம்பழ மஞ்சள் இல்ல, காஞ்ச புல்லு. அது கீழ போகப் போக காவியாகுது, அங்க பிரஷ் அழுத்தி வந்திருக்கு, கோடு கோடா. அத்தை கண்ண மூடிக்கிட்டாங்க, ரெண்டையும். அப்பறம் வெள்ளை, அதுக்குள்ள நீலம், மேல கம்மி, அடியில ஜாஸ்தி, காலையில சுவத்தோட நிழல் பக்கம் இருக்குமே அந்த நீலம். அவங்க தலைய ஆட்டினாங்க. அப்பறம் கயிறு, முதல்ல தடிமனா, நடுவுல அறுந்துரும் போல, திரும்ப தடிமனா. சொல்லச் சொல்ல நானே இதெல்லாம் இப்பதான் பாக்கறேன்னு தெரிஞ்சுது. கயிறு முடியற இடம். அங்க இருந்து நேரா குனிஞ்சிருக்கற முதுகுக்குப் போயிடலாம். போனா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. கண்ண மூடிட்டு இருக்காங்க, நான் என்ன சொல்றேனோ அதுதான் இனிமே அந்தப் படம், நான் விட்டது அதுல என்னைக்குமே இருந்திருக்காது. இவ்ளோ நேரம் தீர்ப்பு சொல்ல இவங்க வருவாங்கன்னு காத்துட்டு இருந்தேன், இவங்க வந்து என்ன சாட்சிக் கூண்டுல ஏத்திட்டு அமைதியா உக்காந்திருக்காங்க. நின்னுட்டேன். என்னடான்னாங்க.

"இங்க ஒரு கருப்புப் புள்ளி இருந்துச்சு அத்தை. தலை மாதிரி இருக்கே, அங்க. காலையில சுத்தம் பண்றப்போ நான் எடுத்துட்டேன்."

கண்ணத் திறந்தாங்க. எழுந்து கிட்டப் போனாங்க. ஒரு கண்ண மூடி, இன்னொண்ண மூடி. நான் சாசரப் பாத்தேன், அவங்களும் திரும்பி சாசரப் பாத்தாங்க, எட்டுக் குச்சியையும்.

"ஈயோடதா, அவரோடதா?"

"தெரியல அத்தை."

மேல ஜெய்பு ஆன்ட்டி வீட்டுல குக்கர் ஒரு விசில் விட்டு, இன்னொண்ணு விட்டுது. அத்தை விரலத் தூக்கி அந்த வெளிறின வட்டத்துக்கு முன்னாடி, தொடாம, கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க. முப்பத்தோரு வருஷம், எனக்கும் ஞாபகம் இல்லையேடான்னு சொன்னாங்க, என்கிட்ட இல்ல, அந்த இடத்துக்கிட்ட. திட்டுவாங்கன்னு நின்னேன். அடிப்பாங்கன்னு கூட நின்னேன், குனியாம அடிக்கலாம். அவங்க திரும்பி வந்து சேர்ல உக்காந்து, திரும்பவும் ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டாங்க.

"சரி. ஒரு புள்ளி இருந்துச்சு. மேல சொல்லு."

நான் அந்த உருவத்துக்கு வந்தேன். கண்ணுல ஆரம்பிக்க வழியில்ல, அதனால காதுன்னு நான் நினைக்கற இடத்துல இருந்து ஆரம்பிச்சேன்.